ஆறு பாகம் ஆழத்தில் ஒரு படகு

கரையிலிருந்து சற்றுத் தள்ளி, ஆறு பாகம் தண்ணீரில் மீன்பிடிப் படகு ஒன்று மூழ்கிக் கிடந்தால், ஸ்கூபா கற்கிறவர்களுக்கு அது பெரிய வாய்ப்பு. மீட்டர் கணக்கில் அது சுமார் 11. முதன்முறை இறங்குகிறவரைப் பயிற்சியாளர்கள் பொதுவாக 12 மீட்டருக்குக் கீழே அழைத்துப் போவதில்லை. 10 மீட்டரில் உடல்மேல் விழும் அழுத்தம் கரையில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு. சிலிண்டர் காற்றும் இரண்டு மடங்கு வேகத்தில் தீரும். அப்படியும் நின்று நிதானமாகப் பார்க்க நேரம் இருக்கும்.

கண்ணில் முதலில் படுவது பெரும்பாலும் இன்ஜின்தான். மரப்பலகைகளைக் கப்பல்புழு தின்றுவிடும். வெப்பக் கடலில் அதற்குச் சில ஆண்டுகளே போதும். மணலுக்குள் புதைந்த அடிமரம் மட்டும் தப்பும். இன்ஜின், வின்ச், காத்தாடி (புரொப்பெல்லர்) எல்லாம் கொட்டலசு அப்பிக் கிடக்கும். சிவப்பைத் தண்ணீர் முதலில் விழுங்கிவிடுவதால் எதைப் பார்த்தாலும் சாம்பல் பச்சை. டார்ச் அடித்தால் துருவும் கடற்பஞ்சும் சட்டென்று செங்கல் நிறம் காட்டும். அந்த வெளிச்சத்தில், புகைக்குழாய்க்குள் இருக்கும் அஞ்சாலை வாயைத் திறந்து திறந்து மூடுவது தெரியும். மிரட்டுகிறது என்று புதியவர்கள் பின்வாங்குவார்கள். அது மூச்சுதான் விடுகிறது. இன்ஜினுக்கு அடியில் கலவா அசையாமல் நிற்கும். தலைக்கு மேல் பாரைக் கூட்டம் சுற்றும்.

மேலே வந்தவர்கள் ஏறக்குறைய ஒரே பேச்சைத்தான் பேசுகிறார்கள்: படகு போனால் என்ன, எத்தனை உயிருக்கு வீடு கிடைத்திருக்கிறது!

கேட்க இதமான பேச்சு. வேலை போனவரிடமும், நிச்சயித்த கல்யாணம் நின்றுபோனவரிடமும், எல்லாம் நல்லதுக்குத்தான் என்று ஊர் சொல்வதும் இதைத்தான். இழப்புக்குப் பிறகு ஏதோ ஒன்று முளைத்துவிட்டால், இழப்புக்கே நியாயம் கிடைத்துவிட்டதுபோல ஒரு நிம்மதி. அந்த நிம்மதியை அடைகிறவர் பெரும்பாலும் எதையும் இழக்காதவர் என்பதுதான் உறுத்துகிறது.

படகுக்காரர் பக்கம் போய்ப் பார்த்தால் கணக்கு வேறு. விசைப்படகைச் சொந்தக் காசில் மட்டும் கட்டுகிறவர்கள் குறைவு. நகை அடகில் இருக்கும், வட்டிக்கு வாங்கியது இருக்கும், பிடிக்கிற மீனைத் தனக்கே தர வேண்டும் என்ற பேச்சோடு வியாபாரி கொடுத்த முன்பணம் இருக்கும். படகு மூழ்கும், கடன் மூழ்காது. பங்குக்குப் போகிற தொழிலாளிகளுக்கும் அன்றோடு வேலை இல்லை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது, காவிரி டெல்டா கடற்கரையில் ஏராளமான படகுகள் உடைந்தன. அதற்கு ஓராண்டு முன் ஒக்கி புயலில் போன குமரி மாவட்டத்து மீனவர்கள் பலரின் உடல்கூடக் கரைக்கு வரவில்லை. அந்த வீடுகளில் போய், மீன்களுக்கு வீடு கிடைத்தது என்று எவரும் சொல்லமாட்டார்கள். அங்கே சொல்லக் கூசுகிற ஒன்றைப் படகின்மேல் மிதந்தபடி மட்டும் சொல்லலாம் என்றால், அது எப்படிப்பட்ட ஆறுதல்?

அதே படகு தொழிலில் இருக்கும் மற்றவர்களுக்கு இன்னொரு விதம். இழுவை மடி போடுகிறவருக்கு அது வலையைக் கிழிக்கும் சனியன். தூண்டில்காரருக்கோ அது புதிதாகக் கிடைத்த, மீன் கூடும் பார். கோயில் கோபுரத்தையும் பின்னாலிருக்கும் மலையையும், கலங்கரை விளக்கத்தையும் பனங்கூட்டத்தையும் நேர்கோட்டில் பிடித்து அவர் அந்த இடத்தை மனத்தில் குறித்துக்கொள்வார்; லேசில் வெளியே சொல்லமாட்டார்.

வேண்டுமென்றே மூழ்கடித்த படகுகளும் உண்டு. இந்தோனேசியாவின் மீன்வளத்துறை அமைச்சராக 2014 முதல் 2019 வரை இருந்த சுசி புட்ஜியஸ்துத்தி, திருட்டு மீன்பிடிப்பில் சிக்கிய ஐந்நூறுக்கும் மேற்பட்ட படகுகளைக் கடலில் மூழ்கடிக்க வைத்தார். தென்பெருங்கடலில் பல்மீன் (டூத்ஃபிஷ்) திருடியதற்காகத் தேடப்பட்ட 'வைகிங்' கப்பல் 2016 மார்ச்சில் அவருடைய சொந்த ஊரான பங்கந்தரான் கடற்கரையோரம் தகர்க்கப்பட்டது. கொள்ளையருக்கு எச்சரிக்கையாக இருக்கட்டும் என்றுதான் கரையிலிருந்து தெரியும்படி அதை அங்கேயே விட்டார்கள்.

புயல் கவிழ்த்த படகையும் அரசு தகர்த்த கப்பலையும் மீன் பிரித்துப் பார்ப்பதில்லை. ஒதுங்க ஒரு பொந்து, மறைய ஒரு நிழல், ஒட்டிக்கொள்ளக் கெட்டியான ஒரு பரப்பு கிடைத்தால் போதும், வந்துவிடும். அது வந்து குடியேறியதை வைத்து, மூழ்கியது நன்மைக்கே என்று தீர்ப்பு எழுத முடியாது. கடல் தன் வேலையைச் செய்கிறது. நியாய அநியாயத்தைப் பேச வேண்டியவர்கள் கரையில்தான் இருக்கிறார்கள்.

அந்த நன்மையும் எவ்வளவு என்பது இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது. மூழ்கிய பொருள்கள் மீனைப் பெருக்குகின்றனவா, சுற்றுவட்டாரத்து மீனை ஓரிடத்தில் திரட்டிக் காட்டுகின்றனவா என்று கடல் ஆய்வாளர் ஜேம்ஸ் போன்சாக் 1989-இல் எழுப்பிய கேள்வி ஆய்வாளர்களை இன்றும் விடவில்லை. திரட்டுவது மட்டும்தான் என்றால், பிடிப்பவருக்கு வேலை எளிதாகுமே தவிர மீன் பெருகாது. புளோரிடாவில் 1970-களில் செயற்கைப் பார் என்று இறக்கிய சுமார் 20 லட்சம் டயர்கள் கட்டு அறுந்து உருண்டு, பக்கத்திலிருந்த உண்மையான பவளப் பார்களை நசுக்கின. படகோடு மூழ்கிய வலையின் கதையும் இதுதான். பருத்தி நூல் வலையாக இருந்த காலத்தில் அது விரைவிலேயே மக்கிப்போகும். நைலான் மக்காது. பலகையைப் புழு தின்று, இரும்பைத் துரு தின்ற பிறகும் வலை அங்கேயே நின்று நண்டையும் ஆமையையும் பிடித்துக்கொண்டிருக்கும், எடுக்க ஆளில்லாமல்.

2021 ஜூனில் இலங்கை அரசு பழைய பேருந்துகளை நெடுந்தீவுக் கடலில் இறக்கியது. மீன் பெருகும் என்பது அரசு சொன்ன காரணம். நீரோட்டத்தில் அவை நகர்ந்தால் வலைகள் என்னாகும் என்று ராமேஸ்வரம் மீனவர்கள் கொதித்தார்கள். தமிழகத்து இழுவை மடிகள் தங்கள் கடலடியைச் சுரண்டிவிட்டன என்பது இலங்கையின் வடபகுதி மீனவர்களின் நெடுநாள் வேதனை. ஒரே கடல், ஒரே மொழி, இரு கரையிலும் வயிற்றுப்பாடு. கடலடியில் ஒரு பொருள் கிடப்பது எல்லோருக்கும் நல்லது என்று ஒற்றை வரியில் சொல்லிவிட இங்கே இடமில்லை.

இதனாலெல்லாம் அந்தப் படகுகளைப் போய்ப் பார்க்கவே கூடாது என்றாகாது. அங்கே இருக்கும் அழகு மெய்யானது. பார்த்தவருக்குக் கடல்மேல் அக்கறை பிறப்பதும் மெய். இறங்குவதற்கு முன் கரையில் சில பேச்சுகள் மட்டும் நடந்தாக வேண்டும். படகு யாருடையது, எப்படிப் போனது, ஆட்கள் தப்பினார்களா என்று மீன்பிடித் துறைமுகத்தில் விசாரித்தால் சொல்ல ஆளிருக்கும். சிக்கிய வலையை அறுப்பதென்றால் வலைக்காரரிடம் ஒரு வார்த்தை. இடத்தை ஊரறியச் சொல்வதென்றால் அங்கே தூண்டில் போடுகிறவரிடம் ஒரு வார்த்தை. ஆள் தப்பாத படகு என்றால், அந்தக் குடும்பத்திடம் கேட்ட பிறகே இறங்குவது பற்றிய பேச்சு. அவர்கள் வேண்டாம் என்றால், புதியவர்களை அழைத்துப் போக அதே ஆழத்தில் வேறு பார்கள் இருக்கின்றன.