எல்லாளன் மணியும் பந்தயக் குதிரையும்

பேராதனையிலிருந்து கெலிஓயா, கம்பளை வழியாக மலையேறும் வீதி, ஏப்ரல் வந்தால் வாகனங்களால் நிறைந்துவிடும். நுவரெலியாவில் வசந்தகாலக் கொண்டாட்டம். குதிரைப் பந்தயம் பார்க்கக் குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள். பாய்ந்தோடும் குதிரை அப்படியோர் அழகு. ஆனால் உலகெங்கும் பந்தயத்திடல்களில் குதிரைகள் விழுந்து சாகின்றன. கொல்ல நினைக்காதவரால் ஓர் உயிர் போனால் அது பாவமா?

தேரவாத பௌத்தம் கொலைக்கு ஐந்து அங்கங்களைச் சொல்கிறது: உயிர் இருக்க வேண்டும், அது உயிரென்று தெரிந்திருக்க வேண்டும், கொல்லும் எண்ணம் வேண்டும், முயற்சி வேண்டும், அதனால் சாவு நேர வேண்டும். பந்தயத்தில் மூன்றாவது இல்லை. தன் குதிரை சாக வேண்டுமென்று எந்த ஜொக்கியும் நினைப்பதில்லை.

அதே பௌத்த மரபின் மகாவம்சம்தான் எல்லாளன் என்ற அரசனின் கதையையும் காத்து வைத்திருக்கிறது. அநுராதபுரத்தில் அவன் மகனின் தேர்ச்சக்கரத்தில் ஒரு கன்று நசுங்கியது. இளவரசன் வேண்டுமென்று செய்யவில்லை. நீதி கேட்போர் அடிக்கும் ஆராய்ச்சி மணியைத் தாய்ப்பசு அடித்தது. அரசன் மகனுக்கு அதே முடிவை விதித்தான். திருவாரூரில் இதே கதை மனுநீதிச் சோழனுடையது. தண்டனை கொடூரம்தான். ஆனாலும் ‘தெரியாமல் நடந்தது’ என்ற சொல் அந்தச் சபையில் எடுபடவில்லை.

இன்றைய பந்தயக்காரருக்கு அந்தச் சொல்லும் கிடையாது, ஏனெனில் ஆபத்து எல்லோருக்கும் தெரிந்தது. 2006இல் கென்டக்கி டெர்பியை வென்ற பார்பரோ, இரண்டே வாரத்தில் அடுத்த பந்தயத்தில் பின்னங்கால் நொறுங்கி நின்றது. வைத்தியர்கள் மாதக்கணக்கில் போராடினார்கள். அரை தொன் எடையுள்ள விலங்கு நெடுநாள் படுத்துக் கிடக்க முடியாது; முறிந்த காலின் பாரமும் மற்றக் கால்களில் இறங்க, குளம்பின் உள்சதை அழன்று கழன்றுபோகும். பார்பரோவுக்கும் அதுவே நேர்ந்தது. 2007 ஜனவரியில் அதைக் கருணைக்கொலை செய்தார்கள்.

லாயத்திலும் குதிரை சாகத்தானே செய்கிறது என்பார்கள். உண்மை. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. குடல் முறுக்கிக்கொண்டால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடலாம். பாண்டிய நாட்டில் கப்பல் கப்பலாக இறங்கிய குதிரைகள், வளர்க்கத் தெரியாமல் ஆண்டுதோறும் மடிந்ததை மார்கோ போலோ எழுதியிருக்கிறார். ஆனால் குடல்நோய் மனிதன் ஏற்பாடு செய்தது அல்ல. பந்தயத்துக்கு நாள் குறிப்பவன் மனிதன்.

1996இல் இந்திய உச்ச நீதிமன்றம் சென்னைப் பந்தயத்தை ஆராய்ந்தபோது எழுந்த கேள்வி, அது திறமையா சூதா என்பதே. குதிரையின் உயிர் அங்கே வழக்காகவில்லை. இங்கிலாந்தின் கிராண்ட் நேஷனலில் 2024 முதல் 40 குதிரைகளுக்குப் பதில் 34தான் ஓடுகின்றன; நெரிசல் குறைந்தால் விழுவது குறையும் என்று கணித்தார்கள். குறைக்க முடியுமென்று தெரிந்த பிறகும் குறைக்காத திடலில் ஒரு குதிரை விழுந்தால், அங்கே எண்ணம் இல்லை என்று எந்தப் பிக்குவிடம் போய்ச் சொல்வது?