ஓவியனின் காலடி நிலம்

கலைப்பொருளைக் காட்சிக்கு வைப்பது எதற்காக? இவ்வினாவை எழுப்புவோர் கலையை அறியாதவராகவோ வெறுப்பவராகவோ இருப்பர் என எண்ணத் தோன்றும். ஆனால் இதனைத் தம் நூலொன்றின் தலைப்பாகவே ஆக்கி 1943 ஆம் ஆண்டில் வெளியிட்டவர், பொஸ்டன் நுண்கலை நூதனசாலையில் அப்பொழுது கால் நூற்றாண்டுக்கு மேலாகப் பணியாற்றியிருந்த ஆனந்த குமாரசுவாமி. காட்சிக்கு வைப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவர் அத்தொழிலின் நியாயத்தைக் கேள்விக்குட்படுத்தினார் என்பது அவ்வினாவுக்குத் தனியொரு கனத்தைத் தருகின்றது.

அதன் வேரைச் சப்பிரகமுவவின் மலைச்சரிவுகள்வரை பின்தொடரலாம். 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருளியல் அளவைக்குப் பணிப்பாளராக இருந்த குமாரசுவாமி, பாறையையும் மணற்படுகையையும் ஆராய்ந்தவாறு ஊர் ஊராகச் சென்றார். பலாங்கொடைப் பகுதியிற் கிடைத்த தோரியனைற்று என்னும் கனிமம் 1904 இல் உலகுக்கு அறிமுகமானதில் அவருக்கும் பங்குண்டு. கல்லைத் தேடிச் சென்றவர் கைவினைஞரைக் கண்டார். அவ்வாறு கண்டவை 1908 இல் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய அவரது பெருநூலாயின. சப்பிரகமுவவையும் உள்ளடக்கியிருந்த பழைய கண்டி இராச்சியத்தில் ஓவியன் விகாரைச் சுவரில் எழுதினான். தன் பெயரை எழுதினானல்லன். அவன் எழுதியதைப் பார்க்க வந்தோரும் ஓவியம் பார்க்க வந்தோரல்லர்; பூவோடு வழிபட வந்தோர். செய்தல், வைத்தல், பார்த்தல் ஆகிய மூன்றும் ஒரே வாழ்வின் உள்ளே அடங்கியிருந்தன. நூதனசாலை என்பது வீடிழந்த பொருள்களுக்குரிய அடைக்கலம். உயிரோடிருக்கும் ஓவியன் அடைக்கலம் தேடி அங்குச் செல்வதேன் என்பதே குமாரசுவாமியின் வாதத்தின் சாரம்.

வாதம் அழகியது. ஆயினும் அதே பெருநூல் தரும் மற்றொரு செய்தியை அதனருகில் வைத்து நோக்குதல் வேண்டும். அவ்வோவியன் தன் பணிக்கு ஈடாக நிலம் பெற்றிருந்தான். விகாரைக்கோ அரசனுக்கோ அவன் செய்த ஊழியத்துக்காக அந்நிலம் அவன் குடும்பத்துக்கு விடப்பட்டிருந்தது. பெயர் பொறிக்காமலும் விலை கூறாமலும் அவன் இருக்க முடிந்தமைக்கு அவனது பக்தி மட்டும் காரணமன்று. தூரிகைக்குப் பின்னால் ஒரு வயல் இருந்தது.

கோல்புறூக், கமறன் ஆகியோரின் விசாரணையைத் தொடர்ந்து 1832 இல் இராஜகாரிய முறை ஒழிக்கப்பட்டது. விகாரை, தேவாலய நிலங்களில் மட்டும் ஊழியக் கடப்பாடு எஞ்சியது. கட்டாய வேலையும் கலந்திருந்த அம்முறை மறைந்தமைக்கு எவரும் கண்ணீர் வடிக்க வேண்டியதில்லை. ஆனால் 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டம் காட்டையும் சேனைநிலத்தையும் அரசுக்குரியதாக்கித் தோட்டக்காரருக்கு விற்க வழிசெய்தது. முதலிற் கோப்பி வந்தது. 1869 இல் தோன்றிய இலைநோய் அதனை அழித்தபின் தேயிலை வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் தாழ்ந்த சரிவுகளை இறப்பர் நிறைத்தது. இவற்றில் உழைக்கத் தமிழகத்திலிருந்து கங்காணிமாரோடு வந்தவர்கள் லயக் காம்பராக்களிற் குடியேற்றப்பட்டனர். 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றோராக்கியது. 1964 ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் பல இலட்சம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென முடிவு செய்தது. ஓவியனின் கைக்கோலுக்கு வேண்டிய காரீயம் கேகாலையின் போகலைச் சுரங்கத்திலிருந்து உலகெங்கும் செல்கின்றது. இரத்தினபுரியின் மணிகளோ சொல்லவே வேண்டியதில்லை. அம்மண்ணின் அடியில் எல்லாம் உண்டு. ஆனால் லயத்திற் பிறந்தவருட் பெரும்பாலோர்க்குத் தாம் நிற்கும் துண்டு நிலத்துக்கும் காணி உறுதி இல்லை.

இம்மக்களிடம் கலை இல்லாமலில்லை. மாசி மாதத்திற் காமன் கம்பம் ஊன்றப்படுகின்றது. இரதியும் மதனும் ஆடுகின்றனர். தப்பு முழங்கக் காமன் எரிக்கப்பட்டு மீண்டும் எழுப்பப்படுகின்றான். முகத்திற் பூசிய வண்ணம் ஆட்டம் முடிந்ததும் கழுவப்படுகின்றது. கையொப்பமில்லை, விலையில்லை, கூடமில்லை. குமாரசுவாமி விரும்பிய கலை இதுவேயன்றோ எனச் சிலர் கேட்கலாம். ஒருவகையில் ஆம். ஆனால் விகாரை ஓவியனுக்கு ஓவியமே ஊழியம். காமன் கூத்தாடுபவனுக்கோ கூத்து ஊழியத்துக்கு அப்பாற்பட்டது. மறுநாட் காலையில் அவன் பெரட்டுக்களத்தில் நின்றாக வேண்டும். ஆடியமைக்காக எவரும் அவனுக்கு ஒரு நாட் பெயர் போடுவதில்லை. பெயரின்மை ஒருவனுக்குப் பணிவாக இருக்கலாம். பதிவேட்டில் ஓர் இலக்கமாகவே வாழ்ந்த குடும்பத்திற் பிறந்தவனுக்கு அது பணிவாகாது.

இவ்விடத்தில் வேறொரு வாழ்வை நினைவுகூர்தல் பொருந்தும். குமாரசுவாமியின் நூல் வெளிவந்த அதே 1943 இற் கொழும்பில் ‘43 குழு’ தோன்றியது. அதன் ஓவியருள் ஒருவரான ஜஸ்ரின் தெரணியகல, கேம்பிரிட்ஜிலும் இலண்டன் சிலேட் ஓவியக் கல்லூரியிலும் பயின்று திரும்பியவர். கேகாலை மாவட்ட எல்லைக்கு அண்மையிற் பஸ்யாலையில் உள்ள நுகேதொல என்னும் குடும்பத் தோட்டத்தில் ஒதுங்கி வாழ்ந்து, 1967 இல் இறக்கும்வரை வரைந்தார். கொழும்பின் பாராட்டையும் விற்பனையையும் நாடி அவர் அலைந்தாரல்லர். அவருடைய ஓவியங்களின் ஆற்றல் ஐயத்துக்கிடமற்றது. அவரது ஒதுக்கமும் போற்றத்தக்கதே. எனினும் அவ்வொதுக்கத்தின் கீழும் ஒரு நிலம் இருந்தது. காட்சிக்கு வைக்காதிருத்தலும் ஓர் உரிமை. அதற்கும் உறுதிப்பத்திரம் வேண்டும் போலும்.

ஆகவே லயத்திலிருந்து வரும் ஓர் இளம் ஓவியர் தம் படைப்பைக் கொழும்புக் கூடத்துக்குக் கொண்டுசெல்லும்போது அதனைப் புகழாசை என இகழ்தல் நேர்மையன்று. ஆனால் அங்கே வேறொரு சிக்கல் காத்திருக்கின்றது. தோட்டத் தொழிலாளி காட்சிப்பொருளாவது புதிதன்று. இராஜகாரிய ஒழிப்புக்கு முன்னர் நடந்த விசாரணையில் ஈடுபட்ட அதே கமறனின் மனைவி யூலியா மார்கரெட் கமறன், 1875 இல் இலங்கைக்கு வந்து 1879 இல் இங்கேயே இறந்த புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞர். களுத்துறையில் அவர் எடுத்த படங்கள் இன்று மேனாட்டு நூதனசாலைகளிற் பேணப்படுகின்றன. இங்கிலாந்தில் அவர் எடுத்த படங்களிற் கவிஞரும் அறிஞரும் தத்தம் பெயரோடு நிற்கின்றனர். களுத்துறைப் படமொன்றின் தலைப்போ ‘களுத்துறைக் குடியானவர் குழு’. அவர்க்குப்பின் கொழும்பு நிலையங்கள் விற்ற அஞ்சலட்டைகளிற் கொழுந்து பறிக்கும் பெண் ஆயிரக்கணக்கிற் கடல் கடந்தாள். அவளுக்கும் பெயரில்லை. தேயிலைப் பெட்டியில் அவள் இன்றும் புன்னகைக்கின்றாள்.

தன் தாயின் கைகளை வரையும் ஓவியன் அந்த அஞ்சலட்டைக்காரனிடமிருந்து எவ்வாறு வேறுபடுகின்றான்? தாய் என்பதால் மட்டும் வேறுபாடு உண்டாகிவிடாது. வாங்குபவரின் சுவரில் இரண்டும் ஒன்றாகவே தொங்கக்கூடும். ஹற்றனைச் சேர்ந்த ஹனுஷா சோமசுந்தரம் போன்றோர் தேயிலைப் பைகளையும் தேநீர்க் கறையையும் தம் ஓவியத்துக்கு ஊடகமாக்கியுள்ளனர். பார்ப்பவர் அழகிய மலைச்சரிவைத் தேடி வந்து தாம் அருந்திய பானத்தின் கறையைக் காண்கின்றார். இது கூரிய விடையே. ஆயினும் அது வாங்குபவரை நோக்கிய விடை. வரையப்பட்டவர் இன்னும் பார்வையாளராகவில்லை.

பார்வை என்பதன் பொருளை எட்டியாந்தோட்டையின் இறப்பர் மரமொன்றைக் கொண்டு விளக்கலாம். பால்வெட்டுபவர் பட்டையில் இடும் வெட்டு, இடப்புறத்து மேலிருந்து வலப்புறத்துக் கீழாகச் சரிய வேண்டும். மரத்தின் பாற்குழாய்கள் செல்லும் சாய்வுக்கு அவ்வெட்டே மிகுதியான குழாய்களை அறுக்கும். ஓவியன் அதனை மறுபுறம் சரித்து வரைந்துவிட்டால் கொழும்புக் கூடத்தில் எவரும் அறியார். ஒளியும் நிழலும் நன்கமைந்துள்ளன எனப் பாராட்டிச் செல்வர். பால்வெட்டும் பெண் முதற் பார்வையிலேயே கண்டுபிடிப்பாள். ‘தம்பி, இப்படி வெட்டினால் பால் குறையும்’ என அவள் சொல்லும் கணத்தில் அவள் வரையப்பட்டவள் என்னும் நிலையிலிருந்து நீங்கி, ஓவியத்தோடு வழக்காடும் உரிமையுடையவளாகின்றாள். விகாரைச் சுவரின் முன் நின்ற வழிபாட்டாளருக்கு இருந்த உரிமை அது. புத்தரின் பழம்பிறப்புக் கதை பிழைபட எழுதப்பட்டிருப்பின் அவர் அறிவார். நூதனசாலையில் இழக்கப்படுவதாகக் குமாரசுவாமி வருந்தியது இவ்வுறவையே எனக் கொள்ளின், அவரது வினா தோட்டத்து ஓவியனுக்கும் உரியதாகின்றது: எதற்காக என்பதோடு, யார் முன்னால் என்றும் அது கேட்கின்றது.

கூடத்தில் வைத்தபின் தோட்டத்திலும் வைக்கலாம் என்பது எளிதிற் சொல்லக்கூடியது. கோயில் மண்டபமும் பாடசாலையும் உண்டு. ஆனால் அங்கு வாங்குவோர் இல்லை. சட்டமிட்ட படங்களை மலைப்பாதையில் ஏற்றிச் செல்லும் வாகனக் கூலியும் இரு நாட் சம்பள இழப்பும் ஓவியனுடையவை. விற்றுப்போன படமோ எவருடைய வரவேற்பறையிலோ இருக்கும். அதனை இரவல் கேட்டுத் திரும்பப் பெறுவது எல்லோராலும் இயலாது. எனவே விற்பதற்கு முன்னரே, சட்டமிடுவதற்கும் முன்னரே, ஈரம் உலராத படத்தை லயத்து வாசலிற் சாய்த்துவைத்து, வேலை முடிந்து திரும்புவோர் வருமளவும் அவன் காத்திருக்க வேண்டியிருக்கும். அவர்கள் சொல்லும் திருத்தம் படத்தைக் கெடுக்கவும் கூடும். வெட்டின் சாய்வை அவர்கள் அறிவர். வண்ணத்தின் நியாயத்தை அவர்கள் ஒப்பாமலும் போகலாம். எதை ஏற்பது, எதை மறுப்பது என்பதை அவ்வாசலிலேயே, அவர்கள் முகத்துக்கு நேராகவே அவன் தீர்மானித்தாக வேண்டும்.