தொட்டியில் நிற்கும் எலுமிச்சை மண்ணில் நிற்கிறதா?

புதிதாக நட்ட கனிமரத்தின் காயை முதல் மூன்று ஆண்டுகள் உண்ணக் கூடாது என்பது யூத சமயச் சட்டம். விற்பது, சாயம் காய்ச்சுவது, விளக்கெரிப்பது என வேறெந்தப் பயனுக்கும் அது ஆகாது. லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தில் வரும் இந்த விலக்கின் பெயர் ஓர்லா. நான்காம் ஆண்டின் காய் கடவுளுக்கு உரியது. ஐந்தாம் ஆண்டிலிருந்துதான் நட்டவர் தாராளமாகப் பறிக்கலாம். விதை போட்டு வளர்க்கும் எலுமிச்சை காய்க்கவே பல ஆண்டுகள் ஆகும் என்பதால் அதில் இந்தத் தடை அவ்வளவாக உறைக்காது. நர்சரியில் வாங்கும் ஒட்டுக்கன்றோ நட்ட ஓரிரு ஆண்டில் காய்த்துவிடுகிறது. பழம் கைக்கெட்டும் உயரத்தில் தொங்கும், பறிக்கத்தான் கூடாது.

வேதம் பேசுவது இஸ்ரவேல் தேசத்துக்குள் வந்து மரம் நடுவதைப் பற்றி. அப்படியானால் பால்கனித் தொட்டியில் நிற்கும் மரம் தேசத்தின் மண்ணில் நிற்கிறதா?

கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டநூலான மிஷ்னா தொட்டியின் அடியில் உள்ள ஓட்டையைப் பார்க்கிறது. சின்ன வேர் ஒன்று வெளியே வரும் அளவுக்கு ஓட்டை இருந்தால் தொட்டி நிலத்தோடு சேர்ந்தது, இல்லையென்றால் தனி. மரம் என்று வந்தால் சட்டம் இன்னும் இறுகுகிறது. ஓட்டையில்லாத தொட்டி விதைக்கு நிலமாகாது, மரத்துக்கு நிலமே என்று யூதச் சட்ட அறிஞர் மைமோனிடெஸ் தம் சட்டத் தொகுப்பில் எழுதினார். மரத்தின் வேர் சுட்டமண்ணையும் துளைத்துவிடும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். அப்படியென்றால் பிளாஸ்டிக், உலோகத் தொட்டிகள் என்ன ஆகும் என்ற விவாதம் பின்னால் எழுந்தது.

வேரின் வலிமை மட்டும் முழுக் காரணமாக இருக்க முடியாது. கூரைக்குக் கீழே, வீட்டுக்குள் நட்ட மரத்துக்குத் தசமபாகம் (விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைக் காணிக்கையாகத் தருவது) இல்லை, ஆனால் ஓர்லா உண்டு என்கிறது மிஷ்னாவை விரித்துரைக்கும் எருசலேம் தல்மூத். மிஷ்னாவின் இன்னொரு விதி இதைவிடக் கூர்மையானது: வேலிக்காகவோ மரக்கட்டைக்காகவோ நட்ட மரத்துக்கு ஓர்லா கிடையாது. மண்ணும் மரமும் ஒன்றாகவே இருந்தும் நட்டவர் மனத்தில் இருந்த நோக்கம் சட்டத்தை மாற்றிவிடுகிறது. தொடக்க ஆண்டுகளின் காய் கடவுள் முன் வைக்கத் தகுதியற்றது, அவருக்குக் கொடுக்கும்வரை நட்டவரும் உண்ணாமல் காத்திருக்கிறார் என்று 13ஆம் நூற்றாண்டின் வேத உரையாசிரியர் நாக்மானிடெஸ் தந்த விளக்கமும் இதற்குப் பொருந்துகிறது. நட்டவரின் ஆசையைக் காத்திருக்க வைப்பதே சட்டத்தின் உயிர் என்றால், அந்த ஆசை பால்கனியில் குறைவாக இருக்கப் போவதில்லை. ஆகவே தொட்டிக்கும் விலக்கை விரித்தவர்கள் சட்டத்தை ஆழமாகப் படித்தவர்கள் என்றே சொல்ல வேண்டும்.

அதற்காக மண் பொருட்டல்ல என்று ஆகிவிடாது. வெள்ளம் பெயர்த்துக் கொண்டுபோன மரத்தோடு ஒட்டியிருக்கும் தாய்மண், அதைத் தனியே உயிரோடு வைத்திருக்கப் போதுமானதாக இருந்தால் பழைய ஆண்டுக்கணக்கு தொடரும், போதாவிட்டால் ஒன்றிலிருந்து எண்ண வேண்டும் என்கிறது மிஷ்னா. தொட்டி மாற்றுகிறவருக்கு இது அன்றாடச் சங்கதி. கன்றைத் தாய்மண்ணோடு அப்படியே தூக்கிப் பெரிய தொட்டியில் வைத்தால் கடந்த ஆண்டுகள் கைவிட்டுப் போகாது. மண்ணை உதறி, வேரை அலசி நட்டால் அது புது மரம்.

யூதப் புத்தாண்டுக்குக் குறைந்தது 44 நாள் முன்பு நட்டிருந்தால் அந்தச் சில வாரங்களே முதல் ஆண்டாகக் கொள்ளப்படும். அப்படி எண்ணும்போது நான்காம் ஆண்டில் யூத நாட்காட்டியின் ஷெவாத் மாதம் 15ஆம் நாளுக்கு முன் பிஞ்சு விட்டவையும் விலக்குக்குள் அடங்கும். எலுமிச்சையில் பூவும் பிஞ்சும் பழமும் ஒரே கிளையில் இருக்கும் என்பதால், ஒரு கொப்பில் விலக்கான காயும் நான்காம் ஆண்டுக் காயும் அருகருகே தொங்கலாம். எது முன்னால் பிஞ்சு விட்டது என்று வளர்ப்பவர் அடையாளம் வைத்துக்கொள்ள வேண்டும். எருசலேம் ஆலயம் இல்லாத இக்காலத்தில், நான்காம் ஆண்டுக் காயின் புனிதம் ஒரு சிறு நாணயத்துக்கு மாற்றப்படுகிறது. அதன்பின் காயை உண்ணலாம்.