கேளாமல் எடுத்த கொடை

பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் மேற்கு நோக்கிச் செல்வோர் வேலப்பன்சாவடியைக் காண்பர். பூவிருந்தவல்லியைக் கடந்தால் தண்டலத்தைக் காண்பர். வயலும் ஏரியும் கிடந்த நிலத்திலே இன்று மருத்துவக் கல்லூரிகளின் மாடங்கள் ஓங்கி நிற்கின்றன. மாடங்களுக்குள்ளே ஆய்வுக்கூடங்கள். புற்றுநோயை வெல்லும் நுண்துகள் மருந்தைத் தேடி, வெள்ளியையும் பொன்னையும் கண்ணுக்குத் தெரியாத பொடியாக்கி, கண்ணாடித் தட்டிலே வளரும் உயிரணுக்கள் மீது இட்டுப் பார்க்கிறார்கள் நம் இளைஞர்கள். ஒரு தலைமயிரின் பருமனை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறு எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவே அத்துகள். நானோ மருத்துவம் என்று இதற்குப் பெயர்.

ஏடு தொடக் கூடாதென்று முன்னாளில் விலக்கி வைக்கப்பட்ட குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று இத்துறையிலே உண்டு. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் கடைசல் எந்திரத்தின் முன் நின்றே காலந்தள்ளியவரின் மகளும், ஆவடித் தொழிற்சாலைக் குடியிருப்பில் வளர்ந்தவனும் நுண்ணோக்கியின் முன் அமர முடிகிறது. பெருமைப்படுகிறோம், ஏன் பெருமைப்படக் கூடாது?

அந்தப் பெருமிதத்தோடே ஒரு கேள்வியையும் கேட்க விரும்புகிறோம். தட்டிலே வளர்வது எது? 'ஹீலா' என்பார்கள் பலர். உலகெங்கும் புற்றுநோய் ஆய்வாளர் கையாளும் உயிரணு வகை அது. எது என்று கேட்பதை விட்டு, யார் என்று கேட்டுப் பாருங்கள்!

ஹென்ரியட்டா லாக்ஸ் என்பது அவர் பெயர். கருப்பின மங்கை, அமெரிக்காவில், வர்ஜீனியாவின் புகையிலை வயலிலே உழைத்த குடும்பம், ஐந்து பிள்ளைகளின் தாய். 1951 தொடக்கத்தில், கருப்பை வாயில் கட்டியோடு பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்குச் சென்றார். கருப்பருக்கென்று தனிப் பகுதி ஒதுக்கியிருந்த காலம். கட்டியிலிருந்து ஒரு துணுக்கைக் கிள்ளி எடுத்தார் மருத்துவர். ஆய்வுக்கு எடுக்கலாமா என்று கேட்கவில்லை. எடுத்த பின்னும் சொல்லவில்லை. அவ்வாண்டு அக்டோபர் 4 ஆம் நாள், 31 வயதில், அவர் மாண்டார்.

துணுக்கு மாளவில்லை. நாளுக்கு ஒரு முறை இரட்டித்தது, இன்றும் இரட்டிக்கிறது. அதற்கு முன் மனித உயிரணு எதுவும் ஆய்வுக்கூடத்திலே அப்படி ஓயாமல் வளர்ந்ததில்லை. இளம்பிள்ளைவாதத் தடுப்பூசியைச் சோதிக்க அது உதவிற்று. கருப்பை வாய்ப் புற்றுக்குக் காரணமான நச்சுயிரிகளை 1980களில் ஜெர்மானிய அறிஞர் ஹரால்ட் சூர் ஹௌசனின் குழு அடையாளம் கண்டபோது, அவற்றுள் ஒன்று ஹீலாவுக்குள்ளேயே குடியிருந்தது தெரிந்தது. 2008 இல் அவருக்கு நோபல் பரிசு வந்தது. ஹென்ரியட்டாவின் பிள்ளைகளுக்கோ 1970கள் வரை செய்தியே எட்டவில்லை! உலகுக்கு உயிரணு வழங்கிய தாயின் புதைகுழிக்கு ஒரு நினைவுக்கல் கிடைத்தது 2010 இல். அந்த உயிரணுக்களால் பொருளீட்டிய பெருங்குழுமம் ஒன்று குடும்பத்தாரோடு உடன்பாட்டுக்கு வந்தது 2023 இல்.

"கெட்டது என்ன? வெட்டி எறிய வேண்டிய கட்டிதானே? அதனால் கோடி உயிர் பிழைத்ததே!" என்று கேட்போர் உண்டு. அறியாதவர்கள் அல்லர், நல்லெண்ணத்தோடு கேட்பவர்களே. ஆனால் களவு போனது சதைத் துணுக்கு என்று அவர்கள் எண்ணுகிறார்கள். நாம் அப்படி எண்ணவில்லை. 'இவளைக் கேட்க வேண்டியதில்லை' என்ற முடிவு இருக்கிறதே, குற்றம் அங்கே இருக்கிறது. விளைந்த நன்மை ஆயிரம் மடங்கானாலும் அந்த முடிவு நியாயமாகிவிடாது. உனக்கு எது நல்லதென்று நாங்கள் அறிவோம், நீ அறியத் தேவையில்லை என்ற குரலை நாம் இதற்கு முன் கேட்டதில்லையா? சாத்திரத்தின் பெயரால் நூற்றாண்டு நூற்றாண்டாகக் கேட்டவர்கள் அல்லவா நாம்!

அது அமெரிக்கா, அது அந்தக் காலம் என்று ஆறுதல் கொள்வோருக்கு அண்டை வீட்டுச் செய்தி ஒன்று. 1999, 2000 ஆண்டுகளில் திருவனந்தபுரத்து வட்டாரப் புற்றுநோய் மையத்திலே, வாய்ப்புற்று நோயாளிகள் இருபதுக்கும் மேற்பட்டோரின் கட்டிகளில் ஒரு புது மருந்து ஊசி வழியே செலுத்தப்பட்டது. பாலைவனச் செடி ஒன்றின் பிசினில் உள்ள பொருளிலிருந்து ஆக்கிய மருந்து. அது சோதனை மருந்து என்பதே தமக்குத் தெரியாது என்றனர் நோயாளிகள் சிலர். மையத்திலேயே பணியாற்றிய ஆய்வாளர் ஒருவர் துணிந்து குரலெழுப்பியதால் செய்தி வெளியே வந்தது. மருந்தைத் தந்த பேராசிரியர் எந்தப் பல்கலைக்கழகத்தவர் தெரியுமா? அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸ்! தன் நெறிக்குழுவின் ஒப்புதலின்றி, விலங்குகளிடம் போதிய சோதனையின்றி அது நடந்தது என்று 2001 இல் அப்பல்கலைக்கழகமே ஒப்புக்கொண்டது. அரை நூற்றாண்டு கழிந்தது, கடல் தாண்டியது, கேட்கப்படாதவரின் வறுமை மட்டும் மாறவில்லை.

தோழர்களில் சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. "ஆய்வுக்கூடத்தின் மீது நாமே ஐயத்தைக் கிளப்பலாமா? வேப்பிலை அடிப்பவனுக்கும் தாயத்து விற்பவனுக்கும் அது வாய்ப்பாகாதா? செந்தூரத்திலும் பற்பத்திலும் அன்றே நானோ இருந்ததெனப் பழம்பெருமை பேசுவோர் கைகொட்டிச் சிரிக்க மாட்டாரா?" சிரிக்கட்டும். மந்திரவாதியை நாம் எதிர்ப்பது அவன் வேப்பிலையை வைத்திருப்பதால் அன்று. கேள்வி கேட்காதே, நம்பு என்பதால்தான். வெள்ளை அங்கி அணிந்தவர் அதையே சொன்னால், அங்கியின் நிறத்துக்காக நாம் வாய்மூடி இருப்பதா?

இதைவிடக் கடினமான மறுப்பு ஒன்று உண்டு. அதை மறைக்க நமக்கு மனமில்லை. சாவின் விளிம்பில் நிற்பவர் எதிலும் கையெழுத்திடுவார். படித்தவரும் இடுவார், பாமரரும் இடுவார். ஏட்டை நீட்டிக் கையொப்பம் பெற்றுவிட்டால் இசைவு கிடைத்ததாகுமா? ஆகாது. நம்பிக்கையே அங்கு நெருக்கடியாகிவிடுகிறது. ஆதலால், பேசுகிறவரின் சொல் அளந்த சொல்லாக இருந்தே தீர வேண்டும்.

நானோ மருந்தையே எடுத்துக்கொள்வோம். புற்றுக்கட்டியின் இரத்தக் குழாய்கள் ஓட்டை மிகுந்தவை. துகள்கள் அவ்வழியே கசிந்து உட்புகுந்து தங்கும் என்று 1986 இல் ஜப்பானிய அறிஞர் மட்சுமுராவும் மயேதாவும் கூறினர். அதன் மீது எழுந்தது இத்துறையின் பெரு நம்பிக்கை. பயன் இல்லாமலும் போகவில்லை: கொழுப்புக் குமிழிக்குள் அடைத்த டாக்சோரூபிசின் 1995 இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது, இதயத்துக்கு அம்மருந்து இழைக்கும் கேட்டைக் குமிழி குறைத்தது. ஆனால் கனடாவின் டொரான்டோ ஆய்வாளர்கள் அதுவரை வெளிவந்த பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2016 இல் கணக்குப் பார்த்தனர். செலுத்திய துகள்களில் கட்டியைச் சென்றடைந்தவை, நடு அளவாக, 0.7 விழுக்காடு! ஆயிரத்துக்கு ஏழு. எஞ்சியவற்றில் பெரும்பகுதியை ஈரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்கின்றன. அதுவும் பெரும்பாலும் சுண்டெலிகளிடம் கண்ட கணக்கு.

இதை வெளியிட்டவர்கள் பகைவர்கள் அல்லர், அத்துறையினரே. தம் தொழிலின் குறையைத் தாமே எண்ணி எழுதிய அந்த நேர்மையை நாம் போற்றுகிறோம். எந்த மடாதிபதி தன் மந்திரம் ஆயிரத்தில் ஏழு முறைதான் பலித்தது என்று அச்சிட்டிருக்கிறார்? ஆனால் ஏட்டிலே அச்சான அந்த எண், கட்டிலிலே கிடப்பவரின் காதை எட்டுகிறதா? தட்டிலே உயிரணு மடிந்ததும், புற்றுநோய்க்கு மருந்து கண்டாயிற்று என்று தாளிகைகளில் முழக்கம் எழுகிறது. தட்டிலே கொதிநீரை ஊற்றினாலும் உயிரணு மடியும்!

சட்டம் இன்று இருக்கிறது. 2009 முதல் மருந்துச் சோதனைகள் வெளிப்படையாகப் பதிவாக வேண்டும். 2019 இன் விதிகள், நலிந்த நிலையினர் புதிய மருந்துச் சோதனைக்கு இசைவு தருவதை ஒலியும் ஒளியுமாகப் பதிவு செய்யச் சொல்கின்றன. புரியும் மொழியில் விளக்கவும் சொல்கின்றன. புரியும் மொழி! ஆங்கிலச் சொல்லுக்கு வேற்றுமை உருபு ஒட்டிய எழுத்தை நீட்டிவிட்டுத் தமிழில் சொன்னோம் என்பாரும் உண்டு.

எப்படிச் சொல்வது? அந்த இளம் ஆய்வாளர் தம் தந்தையைப் போன்ற அம்பத்தூர்த் தொழிலாளி ஒருவரின் அருகே அமர்ந்து சொல்லட்டும்: "ஐயா, இது கொழுப்பாலான சிறு குமிழி. உள்ளே மருந்து இருக்கிறது. ஆயிரம் குமிழி செலுத்தினால் ஏழு போய்ச் சேர்ந்ததாக எலிகளிடம் கண்டிருக்கிறார்கள். உங்கள் உடலில் எப்படி என்பது எங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளத்தான் உங்கள் உதவியைக் கேட்கிறோம். இதனால் உங்களுக்கே பயன் கிடைக்காமலும் போகலாம். வேண்டாம் என்றால் உங்கள் மருத்துவம் நிற்காது." இதைச் சொல்லக் கால்மணி நேரம் ஆகாது. அவர் எழுந்து போய்விட்டால்? போகட்டும். மறுநாள் மகனையும் அழைத்து வந்து நான்கு கேள்வி கேட்டால், நான்குக்கும் விடை சொல்லி முடியும் வரை ஊசி உறையிலேயே இருக்கட்டும்.