பேசாதவர்களுக்காகப் பேசுவது

தமிழ்நாட்டில் எந்தக் கத்தோலிக்கப் பங்கின் அலுவலகத்துக்குப் போனாலும் அலமாரியில் மூன்று தடித்த பதிவேடுகள் இருக்கும். ஒன்று திருமுழுக்குக்கு, ஒன்று திருமணத்துக்கு, ஒன்று இறப்புக்கு. ஞாயிறு பூசை முடிந்ததும் அந்த அறை வாசலில் ஆட்கள் சேர்ந்துவிடுவார்கள். ஒரு தாத்தாவுக்குப் பேத்தியின் ஞானஸ்நானத்துக்குத் தேதி வேண்டும். ஓர் அம்மாவுக்கு அடுத்த வாரமே மகளின் கல்யாண ஓலை வாசிக்கப்பட வேண்டும். நடுவில் ஒருவர் ஓடிவந்து, அப்பா போய்விட்டார், துக்க மணி அடிக்கச் சொல்லுங்கள் சாமி என்பார்.

கவனித்துப் பார்த்தால், வந்தவர்களில் யாரும் தனக்காக வரவில்லை. குழந்தையால் கேட்க முடியாது, இறந்தவராலும் முடியாது. கேட்கக்கூடிய வயதும் வாயும் உள்ள மணப்பெண் வீட்டில் இருக்கிறாள், அவளுக்காக அம்மா வந்திருக்கிறார். ஒருவருக்காக இன்னொருவர் கடவுளிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கவே கூடாது? கிறிஸ்தவச் சிந்தனையின் மிகப் பழைய கேள்விகளில் ஒன்று இப்படி வாரந்தோறும் பங்கு அலுவலக மேசைக்கு வந்து போகிறது.

இந்தக் கேள்வியால் நேரடியாகக் காயப்பட்டவர் புனித அகுஸ்தினார். இளவயதில், தன் சொந்த ஊரான தகாஸ்தேயில் அவருக்கு உயிர் நண்பன் ஒருவன் இருந்தான். கடும் காய்ச்சலில் நினைவிழந்து கிடந்த அந்த நண்பனுக்கு, அவன் அறியாமலேயே திருமுழுக்குக் கொடுத்துவிட்டார்கள். நினைவு திரும்பியதும் அகுஸ்தினார் அதைக் கேலியாகப் பேசினார்; நண்பனும் சேர்ந்து சிரிப்பான் என்று நினைத்தார். அவனோ எதிரியைப் பார்ப்பதுபோல் பார்த்து, நட்பு வேண்டுமானால் இப்படிப் பேசாதே என்று தடுத்துவிட்டான். சில நாட்களில் காய்ச்சல் திரும்ப வந்து இறந்தும்போனான். தான் கேட்காமல், தனக்கே தெரியாமல் கிடைத்த ஒன்றை அவன் முழுமனதாகத் தன்னுடையது என்று எடுத்துக்கொண்டிருந்தான். அகுஸ்தினாரோ முப்பது வயதைக் கடந்த பிறகு, 387ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவில், மிலான் நகரில், தானே கேட்டு, அந்நகர் ஆயர் அம்புரோசிடம் திருமுழுக்குப் பெற்றார்.

பிற்பாடு அவர் ஆயரானபோது, போனிபாஸ் என்ற இன்னொரு ஆயர் எழுதிக் கேட்டார்: இந்தக் குழந்தை நாளை நல்லவனாவானா, திருடனாவானா என்றால் ஞானப்பெற்றோர் தெரியாது என்கிறார்கள், அப்படியிருக்க, இவன் விசுவசிக்கிறான் என்று மட்டும் எப்படி அடித்துச் சொல்கிறார்கள்? அகுஸ்தினாரின் பதிலில் மனதை நிறுத்துகிற இடம் ஒன்று உண்டு. குழந்தையைக் கொண்டுவருவது அதைத் தூக்கியிருக்கும் கைகள் மட்டும் அல்ல, விசுவாசிகளின் கூட்டம் முழுவதும்தான் என்கிறார். பெற்றவர்களே வீசியெறிந்த சிசுக்களைக் கன்னியர் எடுத்துவந்து திருமுழுக்குக்கு நிறுத்துவதை அவர் உதாரணமாகக் காட்டுகிறார். அந்தக் குழந்தைகளுக்குப் பரிந்து பேசச் சொந்தம் என்று ஒருவரும் இல்லை. ஆனாலும் அவர்களுக்கு ஒரு வாய் கிடைத்தது.

இந்த நியாயத்தைத் திருச்சபை எவ்வளவு தூரம் கொண்டுபோயிருக்கிறது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். உயிருக்கு ஆபத்தான நேரத்தில், திருச்சபையின் நோக்கத்தோடு தண்ணீர் ஊற்றி உரிய வார்த்தைகளைச் சொல்லி யாரும் திருமுழுக்குக் கொடுக்கலாம். கொடுப்பவர் கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. 1439இல் புளோரன்சு சங்கமே இதைச் சொல்லிவிட்டது. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார், ஊருக்கு ஊர் கணக்கப்பிள்ளை எனப்படும் உபதேசியார்களை வைத்து, சாகக் கிடக்கும் பிள்ளைகளுக்கு அவர்களே தண்ணீர் ஊற்ற ஏற்பாடு செய்தார். இன்று மருத்துவமனையில் குறைமாதக் குழந்தையின் நெற்றியில் ஒரு செவிலியர் ஊற்றும் சில சொட்டுத் தண்ணீருக்கும், பேராலயத்தில் ஆயர் கொடுக்கும் திருமுழுக்குக்கும் பலனில் வித்தியாசம் கிடையாது.

ஆபத்தில் இவ்வளவு அகலமாகத் திறக்கும் கதவு, சாதாரண நாளில் ஏன் ஒடுங்குகிறது? பெற்றோரின் கல்யாணம் கோயிலில் நடக்கவில்லை, கோயில் வரி பாக்கி இருக்கிறது, அன்பியக் கூட்டத்துக்கு வருவதில்லை என்று காரணம் காட்டிப் பிள்ளையின் ஞானஸ்நானத்தை இழுத்தடிக்கும் ஊர்கள் உண்டு. திருச்சபைச் சட்டம் கேட்பது அதைவிடக் குறைவு: பெற்றோரில் ஒருவராவது சம்மதிக்க வேண்டும், பிள்ளை விசுவாசத்தில் வளரும் என்ற நம்பிக்கைக்கு இடம் இருக்க வேண்டும். அந்த நம்பிக்கை அறவே இல்லாதபோதுகூடத் தள்ளிவைக்கத்தான் சொல்கிறது, மறுக்கச் சொல்லவில்லை. ஏழைகள் பணம் இல்லாத காரணத்தால் அருளடையாளத்தை இழந்துவிடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தனி விதியே இருக்கிறது. 2014 ஜனவரியில் சிஸ்டைன் சிற்றாலயத்தில் 32 குழந்தைகளுக்குத் திருமுழுக்குக் கொடுத்த திருத்தந்தை பிரான்சிசு, அவர்களில் பதிவுத் திருமணம் மட்டும் செய்திருந்த ஒரு தம்பதியின் குழந்தையையும் சேர்த்துக்கொண்டார். கோயில் வரி நியாயமானதுதான். பல ஊர்களில் ஏழை மக்கள் அப்படித் தந்த காசில்தான் கோயிலே எழுந்தது. அதைக் கேட்க வருடத்தில் எத்தனையோ நாள் இருக்கிறது. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு நிற்கும் நாள் அதற்கான நாள் அல்ல.

திருமணத்தில் எல்லாமே தலைகீழ்.

இங்கே யாரும் யாருக்காகவும் பேச முடியாது. மணமக்கள் தங்கள் வாயால் தரும் சம்மதம்தான் திருமணத்தை உண்டாக்குகிறது. அந்தச் சம்மதத்துக்கு ஈடாக எந்த மனித அதிகாரமும் எதையும் தர முடியாது என்கிறது சட்டம். இலத்தீன் மரபில் இந்த அருளடையாளத்தை நிறைவேற்றுபவர்களே மணமக்கள்தான். குருவானவர் திருச்சபையின் பெயரால் அந்தச் சம்மதத்தைக் கேட்டு வாங்குகிறார், அவ்வளவே. இந்த வரையறைக்கு ஒரு சண்டையின் வரலாறு உண்டு. 1563இல் திரிதெந்து சங்கத்தில், பெற்றோர் சம்மதம் இல்லாத கல்யாணம் செல்லாது என்று அறிவிக்கும்படி பிரான்சு தரப்பு வற்புறுத்தியது. சங்கம் மறுத்தது. பெற்றோரை மீறிச் செய்யும் கல்யாணத்தைத் திருச்சபை விரும்புவதில்லை. ஆனால் அது செல்லாது என்று சொல்பவர்களைக் கண்டிக்கிறது என்று தீர்மானித்தது. பங்குக்குரு முன்னிலை, இரண்டு சாட்சிகள், மூன்று முறை ஓலை, கல்யாணப் பதிவேடு என்று நாம் இன்றும் கடைப்பிடிக்கும் ஒழுங்கை விதித்ததும் அதே தீர்மானம்தான்.

ஓலை வாசிப்பது ஊரைக் கேட்பதற்காக: தடை ஏதும் தெரிந்தால் சொல்லுங்கள் என்று. அதற்கு முன்னால் குருவானவர் பெண்ணையும் மாப்பிள்ளையையும் தனித்தனியே அழைத்து, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல்தான் சம்மதிக்கிறாயா என்று விசாரிக்க வேண்டும். இந்த ஏற்பாடு முழுவதிலும் விலைமதிப்பற்ற சில நிமிடங்கள் அவை. ஆனால் அதற்குள் மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாயிற்று, பத்திரிகை அச்சாகிவிட்டது, அறை வாசலில் அப்பாவும் மாமாவும் நிற்கிறார்கள். அந்த நிலையில் ஒரு பெண், எனக்கு இஷ்டமில்லை சாமி என்று சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும்! மந்திரம் ஒப்பிக்கச் சொல்லிக் கேட்பதிலும், பயிற்சி வகுப்புச் சான்றிதழைச் சரிபார்ப்பதிலும் காட்டும் கண்டிப்பை, மண்டபம் பேசுவதற்கு முன்பே இந்த ஒரு கேள்வியைக் கேட்பதில் பங்குகள் காட்டினால் எத்தனையோ வாழ்க்கைகள் தப்பும். பேச முடியாத குழந்தையிடம் ஆயிரம் காரணம் கேட்கிறோம். பேச வேண்டிய பெண்ணிடம் கேட்காமலே ஓலை எழுதிவிடுகிறோம்.

கடைசிப் பதிவேடு இறந்தவர்களுடையது. இதிலும் அகுஸ்தினாரிடம்தான் போக வேண்டியிருக்கிறது. அவருடைய தாய் மோனிக்கம்மாள் கணவரின் பக்கத்திலேயே அடக்கமாக வேண்டும் என்று நெடுங்காலம் ஆசைப்பட்டவர். 387இல், கடல் கடந்து ஊர் திரும்பும் வழியில், ஒஸ்தியா துறைமுகத்தில் சாகும்போது அந்த ஆசையை விட்டுவிட்டார். உடலை எங்கே வேண்டுமானாலும் புதையுங்கள், பீடத்தில் என்னை நினைத்துக்கொண்டால் போதும் என்று பிள்ளைகளிடம் சொன்னார். பல ஆண்டுகள் கழித்து, புளோரா என்ற தாயின் விருப்பப்படி அவருடைய மகன் நோலா நகரில் புனித பெலிக்சு கோயிலில் அடக்கம் செய்யப்பட்டபோது, அந்த இடத்தால் இறந்தவருக்குப் பலன் உண்டா என்று நோலா ஆயர் பவுலினு கேட்டார். இடத்தால் அல்ல, செபத்தால்தான் பலன். அடக்கச் சடங்கின் சிறப்பெல்லாம் பெரும்பாலும் உயிரோடிருப்பவர்களுக்கு ஆறுதல் என்று அகுஸ்தினார் ஒரு சிறு நூலாகவே பதில் எழுதினார்.

அப்படியானால் அடக்கத்தை மறுப்பது யாரைத் தண்டிப்பது? 1917ஆம் ஆண்டுச் சட்டம், அறிந்தே தற்கொலை செய்தவர்களுக்கும் திருமுழுக்குப் பெறாமல் இறந்தவர்களுக்கும் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. அந்தப் பாரத்தைச் சுமந்தது பெற்றவர்கள்தான். 1983ஆம் ஆண்டுச் சட்டத்தில், மறுக்கப்பட வேண்டியோர் பட்டியலில் தற்கொலை இல்லை. திருமுழுக்குக் கொடுக்கப் பெற்றோர் எண்ணியிருந்தும் அதற்குள் இறந்துபோன பிள்ளைக்குத் திருச்சபை அடக்கம் அளிக்க ஆயர் அனுமதிக்கலாம். அப்படி இறந்த குழந்தைகள் மீட்படைவார்கள் என்று நம்ப வலுவான காரணங்கள் உண்டு என்று 2007இல் பன்னாட்டு இறையியல் ஆணைக்குழு அறிவித்தது.

சட்டம் இளகிய பிறகும் சாதி இளகவில்லை. உளுந்தூர்பேட்டைக்கு அருகே எறையூரில் தலித் கிறிஸ்தவர்களின் சவ ஊர்வலம் கோயில் தெரு வழியாக வரக்கூடாது என்ற தடையும், அதை எதிர்த்துத் தனிப்பங்கு கேட்டதும் 2008 மார்ச்சில் மோதலாகி, துப்பாக்கிச்சூட்டில் இரண்டு உயிர்கள் போயின. வடக்கன்குளமோ இன்னும் பழைய கதை. 1745இல் நீலகண்டன் என்பவர் தானே கேட்டுத் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் என்ற பெயரை ஏற்றது அந்த ஊரில். பின்னர் அங்கே எழுந்த கோயிலில், சாதிக்கு ஒரு பக்கமாக மக்களைப் பிரித்து வைத்த தடுப்பு 1910இல்தான் அகற்றப்பட்டது. திருமுழுக்கில் ஒரே குடும்பம் என்று எழுதிய பதிவேடு, சவப்பெட்டி போகும் தெருவைப் பிரிக்க யாருக்கும் உரிமை தரவில்லை.

நவம்பர் 2ஆம் தேதி, கல்லறைத் திருநாள். சாயங்காலம் கல்லறைத் தோட்டமெங்கும் சாமந்திப்பூவும் மெழுகுதிரியும். குருவானவர் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வரிசை வரிசையாக மந்திரித்து வருவார். மதிலோரம், சிலுவையில் பெயர் எழுதாத ஒரு சிறு மண்மேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெண் நின்றால், நல்ல குருவானவர் அங்கேயும் நின்று, பிள்ளைக்கு என்ன பெயர் வைக்க நினைத்திருந்தீர்கள் என்று கேட்பார். அவள் சொல்லும் பெயரை, மற்ற பெயர்களைச் சொன்ன அதே குரலில் சத்தமாகச் சொல்லிச் செபிப்பார்.