ஏறியவனின் உரிமை

சான் பிரான்சிஸ்கோ நகரிலிருந்து கோல்டன் கேட் பாலத்தைக் கடந்து வடக்கே சென்றால் மரின் மாவட்டம். அங்கே 784 மீட்டர் உயரமுள்ள டமல்பையஸ் மலையும் அதன் அண்டைக் குன்றுகளும் வீடுகளின்றிப் பரந்து கிடக்கின்றன. இத்தகைய நிலங்களை விலைக்கு வாங்கி, 'திறந்தவெளி' எனப் பெயரிட்டுக் காப்பதற்கென்றே 1972ஆம் ஆண்டில் அங்கே ஓர் அமைப்பு ஏற்படுத்தப்பட்டது. மலைச் சைக்கிள் விளையாட்டு வளர்ந்ததும் இக்குன்றுகளில்தான். 1976 அக்டோபரில் ஃபேர்ஃபாக்ஸ் என்னும் சிற்றூருக்கு மேலுள்ள செங்குத்தான மண்பாதையில் சில இளைஞர்கள் தடித்த டயர் கொண்ட பழைய சைக்கிள்களில் இறங்கிப் பந்தயம் நடத்தினார்கள். இறங்கி முடிப்பதற்குள் பின்சக்கரத்து பிரேக் சூடேறி, உள்ளிருந்த கிரீஸ் புகைந்து போய்விடும். மறுபடியும் கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் அப்பாதைக்கு 'ரீபேக்' என்றே பெயர் அமைந்துவிட்டது. மேலே ஏறுவதற்கு அவர்கள் பல வேளைகளில் சைக்கிளைத் தள்ளிச் சென்றார்கள்; சில வேளைகளில் லாரியில் ஏற்றிச் சென்றார்கள். ஏற்றம் அவர்களுக்கு ஒரு பொருட்டன்று.

எனக்கோ அது பெரும் பொருட்டாயிற்று. 2019ஆம் ஆண்டுக் கோடையில் அப்பகுதிப் பங்கொன்றில் சில வாரங்கள் பணியாற்றும் வாய்ப்புக் கிடைத்தது. பங்கு இளைஞர் ஒருவர் தம் சைக்கிள்களுள் ஒன்றை எனக்குத் தந்து, ஒரு காலைப்பொழுதில் அழைத்துச் சென்றார். ஃபேர்ஃபாக்சில் புறப்பட்டுத் தார்ச்சாலையில் ஏறி, பைன் மலையின் மண்பாதையில் திரும்பி, சான் ஜெரோனிமோ மலைமுகட்டைத் தொட்டு, ரீபேக் வழியாக இறங்கிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும் சுற்று அது. சிறுவயதில் மறைக்கல்விக்குச் சைக்கிளில் சென்றவன் என்ற துணிச்சலில் இசைந்துவிட்டேன். கற்கள் உருளும் ஏற்றத்தில் நெஞ்சு அடைத்தது. மும்முறை இறங்கித் தள்ளினேன். முகட்டில், வளமற்ற பாறை மண்ணில், ஆளுயரம்கூட வளராத சைப்பிரஸ் மரங்கள் நின்றன. அவற்றின் அருகே அமர்ந்து மூச்சு வாங்கியபோது, 'இனி இறக்கம்தான், சாமி' என்றார் இளைஞர். அந்தச் சொல் செவிக்குத் தேனாக இருந்தது.

இறக்கத்தின் இன்பத்தை நான் மறுக்கமாட்டேன். ஒரு வளைவில் திரும்பியபோது எதிரே ஊன்றுகோலுடன் ஒரு மூதாட்டி. பிரேக்கை இறுகப் பிடித்தேன், சக்கரம் வழுக்கிற்று. அவர் ஒதுங்க முயன்று பாதையோரச் சரிவில் முழங்காலிட்டு விழுந்தார். உள்ளங்கை சிராய்த்து இரத்தம் கசிந்தது.

நான் சொல்ல வந்தது விபத்தைப் பற்றியன்று. அக்கணத்தில் என் உள்ளத்தில் முதலில் எழுந்தது இரக்கமன்று, எரிச்சல். 'இத்தனை பாடுபட்டு ஏறியது இந்த இறக்கத்துக்காக அல்லவா? இவர் எதற்குக் குறுக்கே வந்தார்?' என்பதே அது. சைக்கிளில் செல்பவர் நடப்போருக்கும் குதிரையில் வருவோருக்கும் வழிவிட வேண்டும், மறைவான வளைவில் மணிக்கு 5 மைலுக்கு மேல் செல்லலாகாது என்பன அங்குள்ள விதிகள். எனக்கு முன்னரே சொல்லப்பட்டிருந்தன. ஆயினும் என் வியர்வை எனக்கு வேறொரு சட்டத்தை இயற்றித் தந்திருந்தது.

வருந்தி உழைத்தவனுக்கு அவ்வுழைப்பின் பெயரால் பிறர்மீது உரிமை பிறக்கிறதா? கூலிக்காரனுக்கு முதலாளியிடம் உரிமை உண்டு. அதைத் திருச்சபையும் உரக்கச் சொல்லி வருகிறது. ஆனால் அவ்வுரிமை ஒப்பந்தத்தால் வருவது. பட்ட துன்பத்தால் அன்று. அந்த மூதாட்டி என்னோடு எந்த ஒப்பந்தமும் செய்யவில்லை. பேறுபலன் பற்றிப் புனித தோமா அக்குவினார் தம் இறையியல் பெருநூலில் ஆராயும்போது, கடவுளிடம்கூட மனிதன் கண்டிப்பான நீதியின்படி கூலி கேட்க முடியாது என்கிறார். ஏனெனில் உழைக்கும் ஆற்றலே அவர் தந்தது. குருமடத்தில் இதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தேன். என் கால்களின் வலிமை, இரவல் சைக்கிள், மற்றவர்கள் வரிப்பணம் தந்து காத்த மலை ஆகியவற்றுள் எதை நான் சம்பாதித்தேன்?

திராட்சைத் தோட்ட வேலையாள்களின் உவமைக்கு நான் எத்தனையோ முறை மறையுரை ஆற்றியிருக்கிறேன். விடியற்காலையில் வந்து முணுமுணுத்தவர்களைச் சாடுவது எளிது. கடைசி மணி நேரத்தில் வந்தவர்களோடு நின்றுகொண்டல்லவா சாடினேன்! கோவில் கட்ட அலைந்தவர் முன்வரிசை இருக்கையைத் தமதென எண்ணுவதையும், பிள்ளைகளுக்காகத் தேய்ந்த தாய் மருமகளை ஆட்டிப்படைப்பதையும் கண்டு நான் கடிந்துகொண்டதுண்டு. இருபதாண்டு குருத்துவப் பணியின் களைப்பைக் காட்டி, மாலையில் கதவைத் தட்டியவரை மறுநாள் வரச்சொன்ன என்னை யார் கடிந்துகொண்டார்?

உள்ளத்தில் தானாக எழும் முதல் அசைவு பாவமாகாது, இசைவு வேண்டும் என்பது ஒழுக்க இறையியலின் தெளிவான போதனை. அதைச் சொல்லி என்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். ஆனால் அந்த எரிச்சல் தானாக எழுந்ததா, ஆண்டுக்கணக்காக நானே இசைந்து இசைந்து வளர்த்ததா என்ற கேள்விக்கு இன்றும் எனக்கு விடை இல்லை. ஆண்டவர் அறிவார்.

காயத்தை என் தண்ணீர்ப் புட்டியால் கழுவினோம். மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை, தாமும் கீழிருந்து நடந்தே ஏறியவர் என்றும், இனித் திரும்பிவிடப் போவதாகவும் சொன்னார். இளைஞரை முன்னே போகச் சொன்னேன். சைக்கிளை உருட்டிக்கொண்டு, ஓடைக்கரை வரைக்கும் அவர் நடைக்கு ஈடுகொடுத்து இறங்கினேன். வழியெல்லாம் அவர் தம் முழங்கால் அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். எங்களுக்குப் பின்னால் சக்கர ஒலி கேட்கும்போதெல்லாம் நான்தான் அஞ்சி ஒதுங்கினேன்.