ஃபெஸ் நகரில் எழுதப்பட்ட மதுரை

மதுரையைப் பற்றிய மிகத் துயரமான பக்கங்களில் சில, மொராக்கோ நாட்டின் ஃபெஸ் நகரில் எழுதப்பட்டவை. 1354-இல், ஏறக்குறைய முப்பது ஆண்டு அலைச்சலை முடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார் தாஞ்சியரில் பிறந்த இப்னு பதூதா. ஃபெஸ்ஸை ஆண்ட மரீனிய மரபுச் சுல்தான் அபூ இனான் அவரை அங்கேயே இருத்தி, கண்டதையெல்லாம் சொல்லச் சொன்னார். இப்னு ஜுஸய் என்ற அறிஞர் கேட்டு எழுதினார். தில்லி, கள்ளிக்கோட்டை, மாலத்தீவு, இலங்கை, சீனா என்று விரியும் அந்த நூலில் மதுரையும் இருக்கிறது.

இன்று ஃபெஸ், மெக்னெஸ், மராகேஷ், ரபாத் ஆகிய நான்கையும் அரச நகரங்கள் என்று ஒன்றாகச் சேர்த்துப் பயணிகளுக்குச் சுற்றிக்காட்டுகிறார்கள். நான்குமே உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்றவை. ஃபெஸ்ஸில் அபூ இனான் கட்டிய மதரசாவின் மரவேலைப்பாட்டையும் சுதைவேலைப்பாட்டையும் காட்டுவார்கள். பிறகு சுவாரா என்ற தோல் பதனிடும் தொட்டிகளுக்கு அழைத்துப் போவார்கள். தொட்டிகளுக்கு அருகே அல்ல. தோல் சாமான் விற்கும் கடைகளின் மாடிக்கு. நாற்றம் தாங்குவதற்குக் கையில் ஒரு புதினாக் கொத்து தருவார்கள். கீழே மனிதர்கள் சாயத் தொட்டிக்குள் தொடையளவு இறங்கி நின்று தோலை மிதித்துக்கொண்டிருப்பார்கள். மேலிருந்து படம் எடுத்துக்கொண்டு, கடையில் ஒரு பையை வாங்கிக்கொண்டு, பயணிகள் அடுத்த இடத்துக்குப் போவார்கள்.

மதுரைக்கு வருபவருக்கும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள சில கைவினைக் கடைகளின் மொட்டை மாடிக்கு ஏறினால் கோபுரங்கள் எல்லாம் ஒரே பார்வையில் தெரியும். இறங்கும் வழி கடைக்குள்தான். அப்புறம் திருமலை நாயக்கர் மகால், வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். தை மாதமாக இருந்தால் எங்கள் பக்கமும் வண்டி வரும்: அலங்காநல்லூர் சல்லிக்கட்டு, வெளிநாட்டவருக்கென்று தனியாகப் போட்ட மேடை.

வழிகாட்டிகளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர்கள் கையில் இருப்பது இரண்டு மூன்று மணி நேரம். பயணி கேட்டு வந்த பெயர்களைக் காட்டிவிட வேண்டும். என் மனக்குறை அந்தச் சுற்றுலாவின் பாதையைப் பற்றியது. அது அரண்மனை வாசலில் தொடங்கி அரண்மனைக்குள்ளேயே முடிகிறது. அந்த அரண்மனையின் கல்லும் சோறும் தண்ணீரும், ஏன், அந்நகரத்தின் திருவிழாவும்கூட எங்கிருந்து வந்தன என்று கேட்க அதில் ஒரு நிறுத்தம் இல்லை. தலைநகரம் என்பது பல ஊர்களிலிருந்து எடுத்து வந்தவற்றின் தொகுப்பு. எடுத்த இடத்தைக் காட்டாமல் வைத்த இடத்தை மட்டும் காட்டினால், பார்த்தவர் அரசனை மட்டும் தெரிந்துகொண்டு போகிறார்.

இப்னு பதூதா அரண்மனைக்குள்ளிருந்துதான் பார்த்தார். 1340-களின் நடுவில் இலங்கையிலிருந்து புறப்பட்ட அவருடைய கப்பல் சோழமண்டலக் கரையருகே சிதைந்தது. கரையேறியவரை வரவேற்றவர் மதுரைச் சுல்தான் கியாசுத்தீன் தாம்கானி. இருவரும் சகலைகள்: மதுரைச் சுல்தானகத்தை நிறுவிய ஜலாலுத்தீன் அசன் ஷாவின் ஒரு மகளைத் தில்லியில் இருந்தபோது இப்னு பதூதா மணந்திருந்தார், இன்னொரு மகள் தாம்கானியின் மனைவி. சொந்தக்காரர், விருந்தாளி, படித்த நீதிமான். கண்ணை மூடிக்கொள்ள அவருக்கு எல்லாக் காரணமும் இருந்தது. அவர் மூடிக்கொள்ளவில்லை. சுல்தானின் படை காட்டை வெட்டி வழி உண்டாக்கிக்கொண்டு போகையில், அகப்பட்ட ஆண்களையும் பெண்களையும் பிள்ளைகளையும் பிடித்து, மறுநாள் காலையில் கழுவேற்றியும் வெட்டியும் கொன்றதை அவர் பார்த்தபடி சொல்கிறார். இது கொடுமை, இதனால்தான் இறைவன் அவனுக்கு விரைவில் முடிவு தந்தான் என்றும் சொல்கிறார். தன் மார்க்கத்து அரசன், தன் மனைவியின் அக்காள் தங்கை வீட்டுக்காரன் என்பதெல்லாம் அந்தத் தீர்ப்பைத் தடுக்கவில்லை. போசள அரசர் மூன்றாம் வீரவல்லாளரைப் பிடித்துக் கொன்று, தோலை உரித்து வைக்கோல் திணித்து மதுரை மதிலில் தொங்கவிட்டதையும் கண்ணால் கண்டதாகப் பதிவு செய்கிறார்.

பிறகு மதுரை. அகன்ற தெருக்களுள்ள பெரிய நகரம். மாமனார் அதைத் தில்லியைப் போல அமைத்திருந்தார் என்று சொல்கிறார். ஆனால் அவர் போன நேரம் நகரத்தில் கொள்ளைநோய். நோய் கண்டவர் இரண்டு மூன்று நாளில் இறந்தார்கள். ஆரோக்கியமானவள் என்று சொல்லி விற்கப்பட்ட ஓர் அடிமைப் பெண்ணை அவர் வாங்கினார். மறுநாள் அவள் இறந்துவிட்டாள். எட்டு வயது மகனோடு உதவி கேட்டு வந்த ஒரு தாய், அடுத்த நாள் அந்தப் பிள்ளைக்குக் கோடித்துணி கேட்டு வந்தாள். சுல்தானின் கொலுமண்டபத்தில், நெல் குத்துவதற்காகக் கொண்டுவரப்பட்ட நூற்றுக்கணக்கான பெண்கள் நோயோடு வெயிலில் விழுந்து கிடந்தார்கள்.

இந்த ஒரு காட்சியில் என் மனம் நிற்கிறது. மதுரைச் சுல்தானகம் நாற்பது ஆண்டுகளுக்குச் சற்றுக் கூடுதலாக நீடித்தது. அதன் அரண்மனை எங்கே இருந்தது என்று காட்ட இன்று சுவர் எதுவும் நிற்கவில்லை. அந்தப் பெண்களோ ஏதோ ஒரு கிராமத்திலிருந்து வந்தவர்களாகத்தான் இருந்திருக்க முடியும். அவர்கள் குத்திய நெல் வைகைப் பாசனத்தில் விளைந்ததாகத்தான் இருந்திருக்கும். அவர்களைப் பற்றி நம்மிடம் கல்வெட்டு இல்லை, பாட்டு இல்லை. அடிமை வாங்கும் வழக்கத்தைத் தப்பாக நினைக்காத ஓர் அயலூர்க்காரர், பத்து ஆண்டு கழித்து, கடல்கள் தாண்டி, இன்னோர் அரச நகரத்தில் உட்கார்ந்து நினைவுபடுத்திச் சொன்னதால் அவர்கள் அழியாமல் இருக்கிறார்கள்.

மகாலுக்கு வருவோம். திருமலை நாயக்கர் திருச்சியிலிருந்து தலைநகரை மதுரைக்கு மாற்றி, 1636-இல் இந்த அரண்மனையைக் கட்டினார். இன்று பயணி பார்க்கும் சொர்க்கவிலாசமும் நாடகசாலையும் பழைய அரண்மனையின் நாலில் ஒரு பங்கு என்பார்கள். மற்றதில் பெரும்பகுதியை எதிரி இடிக்கவில்லை. திருமலை நாயக்கரின் பேரர் சொக்கநாத நாயக்கர் தலைநகரை மறுபடி திருச்சிக்குக் கொண்டுபோனபோது, அங்கே தமக்கொரு மாளிகை எழுப்ப இங்கிருந்து பெயர்த்துக்கொண்டு போனார். மிச்சத்தை 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு செப்பனிட்டதால்தான் இன்று டிக்கெட் வாங்கிப் பார்க்க ஏதோ இருக்கிறது. மகாலிலிருந்து சற்று நடந்தால் பத்துத்தூண் சந்து. துணிக்கடைகளின் நடுவே பத்துப் பெரிய கருங்கல் தூண்கள், தாங்குவதற்குக் கூரை இல்லாமல் நிற்கின்றன. இவையும் நாயக்கர் அரண்மனையின் பகுதி என்கிறார்கள். அங்கே பயணிகளை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

ஏறக்குறைய அதே காலத்தில் மொராக்கோவிலும் அச்சாக இதுவே நடந்தது. மராகேஷில் அகமது அல்-மன்சூர் 1578-இல் போர்த்துகீசியரை வென்ற கையோடு எல் பாதி என்ற அரண்மனையைக் கட்டத் தொடங்கினார். பிற்பாடு ஆட்சிக்கு வந்த மூலாய் இஸ்மாயில் தலைநகரை மெக்னெஸ்ஸுக்கு மாற்றினார். எல் பாதியை வெறும் மண்சுவராகும்வரை உரித்து, பளிங்கையும் மரத்தையும் புது நகரத்துக்கு அள்ளிப் போனார். ரோமானியர் காலத்து வொலுபிலிஸ் நகரத்துக் கற்களும் மெக்னெஸ் கட்டப் போயின. சிறைப்பிடித்து வந்தவர்களைக் கொண்டுதான் அந்த நகரத்தின் பெருஞ்சுவர்கள் பல எழுந்தன.

அல்-மன்சூருக்கு அந்தப் பளிங்கு எப்படிக் கிடைத்தது என்பது கரும்பு போடும் பகுதியில் இருக்கிற எனக்கு ஆழமாக உறைக்கிறது. இத்தாலியிலிருந்து பளிங்கை வரவழைத்து, அதற்கு எடைக்கு எடை சர்க்கரை கொடுத்தார் என்று சொல்வார்கள். மொராக்கோவின் தெற்கே வாய்க்கால் வெட்டிக் கரும்பு பயிரிட்டு, ஆலை வைத்து, அடிமைகளை வேலை வாங்கி எடுத்த சர்க்கரை. எல் பாதியில் இன்று நாரைகள் கூடு கட்டியிருக்கின்றன; வழிகாட்டி அவற்றைக் காட்டுவார். அரண்மனையின் பளிங்கு எந்தக் கரும்புத் தோட்டத்து வியர்வை என்று காட்ட அவர் அங்கிருந்து வெகுதூரம் போக வேண்டும். அலங்காநல்லூர்க் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையில் அரவை நின்றுபோய் வருடங்களாகின்றன. ஆலையைத் திறக்கச் சொல்லி விவசாயிகள் உட்கார்ந்த போராட்டங்கள் எத்தனையோ. சல்லிக்கட்டுக்கு வரும் பேருந்துகளில் இருப்பவர்களுக்கு இந்த ஆலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இது காளைகளின் ஊர் என்பதற்குமுன் கரும்பும் நெல்லும் விளையும் ஊர். முல்லைப் பெரியாறு அணை வந்த 1895-க்குப் பிறகு, பேரணையில் பிரியும் பெரியாறு பிரதானக் கால்வாய் நனைக்கும் ஊர். காளை இங்கே இருப்பதற்குக் காரணமே வயல்தான்.

மதுரை இந்தச் சுற்றுப்புறத்திலிருந்து எடுத்துக்கொண்டவற்றில் பெரியது என்று நான் நினைப்பது திருவிழா. சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கப் பல லட்சம் பேர் கூடுகிறார்கள். ஆனால் அழகர் ஒரு காலத்தில் மதுரைக்கு வந்தவர் அல்ல. அழகர்மலையிலிருந்து புறப்பட்டு, அலங்காநல்லூர் வழியாக வந்து, தேனூரில் வைகையில் இறங்கினார். இங்கே தங்கி அலங்காரம் செய்துகொண்டு போவார் என்பது எங்கள் ஊர்ப்பக்கம் வழிவழியாகச் சொல்வது. திருமலை நாயக்கர் காலத்தில் அந்தப் பாதை மாறியது. மாசியில் நடந்துவந்த மீனாட்சி திருக்கல்யாணத்தைச் சித்திரைக்குக் கொண்டுவந்து, அழகரின் ஆற்றிறக்கத்தை மதுரைப் பக்கம் திருப்பி, இரண்டையும் அவர் ஒரே விழாவாக்கினார். பெரிய தேர்களை இழுக்க அறுப்பு முடிந்த கிராமத்து ஆட்கள் வேண்டியிருந்தார்கள் என்று அதற்குக் காரணம் சொல்வார்கள். கோயிலைச் சுற்றியுள்ள மாசி வீதிகளில்தான் இன்றும் சித்திரைத் தேர் ஓடுகிறது. தொ. பரமசிவன் தம் அழகர் கோயில் ஆய்வில் இந்த மாற்றத்தை விரிவாகப் பேசியிருக்கிறார்.

இதனால் மதுரைக்குக் கிடைத்தது சிறிதல்ல. சைவமும் வைணவமும், நகரமும் நாட்டுப்புறமும், கள்ளர் வேடமிட்டு வரும் பெருமாளும் பட்டத்து அரசியான அம்மனும் ஒரே வாரத்தில் சந்திக்கிற ஒரு விழா உலகத்தில் வேறெங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அதைச் செய்த அரசரை நான் மதிக்கிறேன். அதே சமயம், ஒரு வருடம் சாமி வராமல் போனபோது தேனூரிலும் அலங்காநல்லூரிலும் அந்தச் சித்திரை எப்படி இருந்திருக்கும் என்றும் நினைக்கிறேன். பந்தல் போட்டுப் பானகம் கரைத்து வைத்துப் பழகிய தெருக்கள் அவை. கல்லைப் பெயர்த்துக்கொண்டு போனால் இடிபாடாவது மிஞ்சும். சாமியின் பாதையைப் பெயர்த்தால் அந்த இடத்தில் காட்டுவதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை. அதனால்தான் அங்கே பேருந்து நிற்பதில்லை.

மகாலில் மாலையில் ஒலி-ஒளிக் காட்சி நடக்கும். அங்கே சொல்லப்படுவதில் முக்கியமானது சிலப்பதிகாரக் கதை. அந்த மண்டபம் எழுவதற்குப் பல நூற்றாண்டு முந்தையது. காலக் கணக்கில் பொருந்தாவிட்டாலும் அந்தத் தேர்வு சரியானது என்றே நினைக்கிறேன். வெளியூரிலிருந்து வந்த ஒரு பெண், அரண்மனை வாசலில் நின்று, இங்கே நடந்தது தவறு என்று சொன்ன கதையை ஓர் அரசனின் சபையில் தினமும் கேட்கவைக்கிறோம். பகலில் நடக்கும் சுற்றுலாவுக்கும் அந்தத் துணிவு வேண்டும்.

செய்ய முடியாத காரியம் அல்ல. பயணத்தை அழகர்கோயிலில் தொடங்கலாம். அங்கிருந்து அலங்காநல்லூர்; வாடிவாசலோடு கால்வாயையும் மூடிக் கிடக்கும் ஆலையையும் பார்க்கட்டும். 2024-இல் பக்கத்துக் கீழக்கரையில் திறந்த பெரிய சல்லிக்கட்டு அரங்கத்தையும் பார்க்கட்டும். அது வந்த பிறகும் தை மூன்றாம் நாள் சல்லிக்கட்டை ஊருக்குள் பழைய வாடிவாசலில்தான் நடத்துவோம் என்று ஊர் ஏன் நிற்கிறது என்று கேட்கட்டும். பிறகு தேனூர், வைகைக் கரை. அதற்கப்புறம் நகரத்துக்குள் நுழைந்து பத்துத்தூண், மகால், நெல் குத்திய பெண்களின் கதை. கடைசியில் வண்டியூர்: ஆற்றுக்குள் நிற்கும் தேனூர் மண்டபம். திருவிழாவில் மண்டூக முனிவருக்கு அழகர் மோட்சம் கொடுப்பது அங்கேதான். அரசர் பாதையை மாற்றிய பிறகும் தேனூர் தன் பெயரை விட்டுக்கொடுக்காமல் தலைநகரத்து ஆற்றுக்குள்ளேயே வைத்திருக்கிறது. அந்த மண்டபத்தில் தேனூர்க்காரர் ஒருவரையே பேசச் சொல்லலாம். வழிகாட்டி மொழிபெயர்த்தால் போதும்.